சிராயா மொழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவில் வளர்ந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய். பல வருடங்களுக்கு முன்னால், தைவானில் பேச்சு நின்றுபோன ஒரு மொழியின் எண்ணுப் பெயர்களைப் பார்த்தபோது ஐந்துக்கு 'ரிமா' என்றிருந்தது. மலாயில் ஐந்துக்கு 'லிமா'. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

சிராயா என்றால் என்ன? எங்கே பேசினார்கள்?

தைவான் தீவின் தென்மேற்குச் சமவெளியில், இன்றைய தைனான் நகரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பழங்குடி மக்கள் பேசிய மொழி. மக்களுக்கும் மொழிக்கும் ஒரே பெயர். 17ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் ஊர்கள் சின்கான், மத்தாவ், சூலாங், பக்லுவான். இவை இன்றும் இருக்கின்றன, பெயர்தான் சீனமாகிவிட்டது. சின்கான் இன்று சின்ஷி, சூலாங் இன்று ஜியாலி. மத்தாவ் மட்டும் மாடோ என்று பழைய பெயரின் சாயலோடு இருக்கிறது, பம்பளிமாஸ் பழத்துக்குத் தைவான் முழுக்கப் பேர்போன ஊர். (பம்பளிமாஸ் என்ற நம் சொல்லும் டச்சுக்காரர்களின் 'பொம்பல்மூஸ்' என்ற சொல்லும் உறவுதான். யாரிடமிருந்து யார் வாங்கினார் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.)

தைவான் என்ற பெயரே இந்தப் பகுதியிலிருந்து கிளம்பியதுதான். தைனானை ஒட்டிய கடலோர மணல்திட்டு ஒன்றை டச்சுக்காரர்கள் 'தயோவான்' என்று எழுதினார்கள், பிறகு அந்தப் பெயர் தீவு முழுக்கப் பரவிவிட்டது. அது அங்கிருந்த பழங்குடி மக்களின் சொல் என்பதுதான் பரவலான விளக்கம்.

தைவானில் சீனம்தானே பேசுகிறார்கள்? மலாய் மாதிரி ஒரு மொழி அங்கே எப்படி வந்தது?

கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். மலாய் மாதிரி மொழி அங்கே போகவில்லை, மலாயின் மூதாதை அங்கிருந்து கிளம்பியது என்பதுதான் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. சீனர்கள் பெருமளவில் தைவானில் குடியேறியது கடந்த 400 வருடங்களுக்குள்தான். அதற்கு முன் பல ஆயிரம் வருடங்களாக அங்கே இருந்தவர்கள் ஆஸ்திரோனேசிய மொழிகளைப் பேசிய மக்கள்.

ஆஸ்திரோனேசியம் என்பது மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை விரிந்து கிடக்கும், ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகள் கொண்ட குடும்பம். மலாய், பிலிப்பைன்ஸின் தகாலோக், ஜாவானியம், மடகாஸ்கரின் மலகாசி, நியூசிலாந்தின் மாவோரி, ஹவாயியம் எல்லாம் இதில் சேர்த்தி. ராபர்ட் பிளஸ்ட் என்ற மொழியியலாளர் 1999இல் இந்தக் குடும்பத்தைப் பத்துக் கிளைகளாகப் பிரித்தார். அதில் ஒன்பது கிளைகள் தைவானுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. நான் மேலே சொன்ன அத்தனை மொழிகளும் மிச்சமுள்ள ஒரே ஒரு கிளையில் அடங்கும். ஒரு மரம் எங்கே அதிகம் கிளை விட்டிருக்கிறதோ அங்கேதான் வேர் இருக்கும் என்பது வாதம். கிளைகள் சரியாக எத்தனை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, தைவான்தான் பிறந்த வீடு என்பதில் அவ்வளவாக இல்லை.

சொற்களைப் பார்த்தால் உறவு தெரியுமா?

சிலவற்றில் பளிச்சென்று தெரியும். கண்ணுக்கு சிராயாவில் 'மாத்தா', மலாயிலும் 'மாத்தா', மாவோரியிலும் அதேதான். ஐந்து 'ரிமா' என்றேன் அல்லவா, மாவோரியிலும் அச்சு அசலாக 'ரிமா'. அதே சொல்லுக்குச் சிராயாவில் கை என்றும் பொருள் உண்டு, விரல் விட்டு எண்ணியவர்கள் வைத்த பெயர்தானே. ஏழு 'பித்து', ஜாவானியத்திலும் 'பித்து', தகாலோகில் 'பித்தோ'. எட்டு கொஞ்சம் சுவாரசியம், அந்தச் சொல்லுக்குள்ளே நான்குக்கான சொல் உட்கார்ந்திருக்கிறது, அதாவது இரண்டு நான்கு. அப்பாவுக்கு 'ராமா', அம்மாவுக்கு 'ரேனா'. ராமா என்றதும் இராமாயணத்துக்கு ஓட வேண்டாம், தற்செயல்தான்.

எல்லாம் இப்படி எளிதாகப் பிடிபடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் முழுசாக எடுத்துப் படித்தால் மலாய் தெரிந்த எனக்கு நாலு சொல்லுக்கு மேல் தேறாது.

இலக்கணத்தில் தமிழனுக்குப் பரிச்சயமான விஷயம் ஏதாவது உண்டா?

உண்டு, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நாம், நாங்கள் என்று நாம் பிரித்துச் சொல்கிறோம் அல்லவா, கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். சிராயாவிலும் இது அப்படியே உண்டு. மலாயிலும் 'கித்தா', 'காமி' என்று உண்டு. டச்சு மொழியில் கிடையாது, அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். டச்சுப் பாதிரியார் ஒருவர் கிறிஸ்தவர்களின் கர்த்தர் ஜெபத்தைச் சிராயாவுக்குக் கொண்டுபோகிறார். முதல் சொல்லே பிதாவைப் பற்றியது. 'நம் பிதா' என்று போட்டால் கடவுளும் தனக்கே பிள்ளை என்றாகிவிடும். அச்சான சிராயா ஜெபம் 'ராமன்-யன்' என்று தொடங்குகிறது, அதாவது கடவுளைச் சேர்க்காத 'எங்கள் தந்தை'. தமிழிலும் 'எங்கள் பிதாவே' என்றுதான் சொல்கிறோம், 'நம் பிதாவே' என்பதில்லை. இந்த வேறுபாடு அந்தப் பாதிரியாரின் தாய்மொழியில் இல்லாதது, யாரோ ஒரு சிராயாக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து 'அய்யா, அப்படிச் சொன்னால் தப்பு' என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பாதிரியார்களின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அந்த ஆசிரியர்களின் பெயர் எதிலும் இல்லை.

டச்சுக்காரர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

வியாபாரம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிதான். 1624இல் தயோவானில் இறங்கி ஜீலாண்டியா கோட்டையைக் கட்டினார்கள். சீன, ஜப்பான் வணிகத்துக்கு நடுவழியில் ஒரு இடம் வேண்டும் என்பதுதான் நோக்கம். தீவில் மான்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன, மான்தோல் கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போனது.

ஊர்க்காரர்களோடு சண்டையும் நடந்தது. 1629இல் மத்தாவ் ஆட்கள் அறுபது டச்சுச் சிப்பாய்கள் வரை கொன்றார்கள், 1635இல் கம்பெனி படை திரட்டிப் போய் மத்தாவைக் கொளுத்தியது. சரணடைந்தபோது ஊர்ப் பெரியவர்கள் கொண்டுவந்து கொடுத்தது, சொந்த ஊர் மண்ணில் நட்ட சின்னத் தென்னங்கன்றும் பாக்குக் கன்றும். நிலத்தைக் கொடுத்துவிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

எழுத்து அவர்கள் கொடுத்ததா?

ஆமாம், ரோமன் எழுத்து. கண்டிடியஸ் என்ற பாதிரியார் 1627இல் வந்தார், 1629இல் யூனியஸ். சின்கானில் 1636இல் பள்ளிக்கூடம் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், எழுதுவதற்கான சொல் சிராயாவில் 'சூலாட்', தகாலோகிலும் 'சூலாட்', மலாயில் 'சூராட்'. எழுத்துதான் வெளியிலிருந்து வந்தது, சொல் வீட்டுச் சொல்.

1647 முதல் 1651 வரை அங்கிருந்த டேனியல் கிராவியஸ் மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்த்தார். ஒரு பத்தியில் டச்சு, பக்கத்துப் பத்தியில் சிராயா. தலைப்பிலேயே 'தி மத்தேயுஸ் தி யோஹான்னெஸ் அப்பா' என்று வரும். 'தி' என்பது ஆள் பெயருக்கு முன்னால் போடும் ஒட்டு, தகாலோகில் 'சி' போடுகிறார்களே, அதே வேலை. கடைசியில் உள்ள 'அப்பா' நம் அப்பா இல்லை, நம்முடைய 'உம்' விகுதி மாதிரி: மத்தேயுவும் யோவானும்.

புத்தகம் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது 1661இல். அதே வருடம் சீனத் தளபதி கோக்சிங்கா படையோடு தைவானில் இறங்கினார், 1662 பிப்ரவரியில் டச்சுக்காரர்கள் கோட்டையை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். யாருக்காக மெனக்கெட்டு அச்சடித்தார்களோ அவர்கள் கைக்குப் போய்ச் சேர நேரமே இருக்கவில்லை.

அப்படியானால் மொழியைக் காப்பாற்றியது டச்சுக்காரர்கள் என்று சொல்லலாமா?

இதற்கு நான் ஆமாம் போட மாட்டேன். சிராயா மக்களின் சடங்குகளை நடத்தியவர்கள் 'இனிப்ஸ்' எனப்படும் பெண் பூசாரிகள். (சரி, இனிப்பு இல்லை, இனிப்ஸ்.) தெய்வங்களை அழைப்பது, பலி கொடுப்பது, குறி சொல்வது எல்லாம் அவர்கள் கையில். பாதிரியார்களுக்கு அவர்கள்தான் முதல் எதிரி. 1641இல் ஏறத்தாழ 250 இனிப்ஸ்களைப் பிடித்து, அவரவர் ஊரை விட்டு வடக்கே, இன்றைய ஜியாயி பக்கம் நாடு கடத்தினார்கள். 1652இல் திரும்ப அனுமதித்தபோது உயிரோடு இருந்தவர்கள் 48 பேர்.

வழிபாட்டுச் சொற்கள், பாட்டுகள், பழைய கதைகள் யாருக்கு அதிகம் தெரிந்திருக்கும்? அந்த இருநூறு பேருக்குத்தான். இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பதில் சுவிசேஷம் இருக்கிறது, ஞானோபதேசம் இருக்கிறது, சிராயாக்காரர்களே சொன்ன ஒரு கதை அவர்கள் மொழியில் இல்லை.

சுவிசேஷத்தைத் தவிர வேறு என்ன மிஞ்சியது?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்த ஒரு சொற்பட்டியல் இருக்கிறது, ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள், 1842இல் அச்சேறியது. அதில் உள்ள பேச்சும் கிராவியஸ் எழுதிய பேச்சும் கொஞ்சம் வேறுபடுகின்றன, வட்டார வழக்கு வேறாக இருக்கலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான புதையல் சின்கான் ஆவணங்கள்தான். எல்லாம் பத்திரங்கள்! நிலத்தைக் குத்தகைக்கு விட்டது, அடமானம் வைத்தது, கடன் வாங்கியது, இப்படி. டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள், பள்ளிக்கூடம் மூடியாயிற்று, சொல்லிக் கொடுக்க ஒரு பாதிரியாரும் இல்லை. இருந்தும் சின்கான் மக்கள் அந்த ரோமன் எழுத்தை விடாமல், அப்பன் பிள்ளைக்கு என்று கைமாற்றி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒன்றரை நூற்றாண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலவற்றில் ஒரே தாளில் சீனமும் சிராயாவும் இருக்கும், ஏனென்றால் நிலத்தை வாங்கும் ஆள் பெரும்பாலும் சீனக் குடியேறி. அக்கம்பக்கத்துச் சீனர்கள் இவற்றைக் காட்டுமிராண்டிப் பத்திரம் என்ற பொருளில் 'ஹுவான்னா பத்திரம்' என்றார்கள்.

டச்சுக்காரன் நமக்குத் துட்டு என்ற சொல்லைக் கொடுத்தான், அவர்களுக்கு எழுத்தைக் கொடுத்தான், அவர்கள் அதை வைத்துத் துட்டுக் கணக்கு எழுதினார்கள். மதம் பரப்பக் கொண்டுவந்த எழுத்தை வேதத்துக்கு அப்பால் தங்கள் சொந்தத் தேவைக்கு வளைத்துக்கொண்டது எனக்கு ஒரு சின்ன வெற்றியாகத்தான் தெரிகிறது. அதே தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிலம் துண்டு துண்டாகக் கைவிட்டுப் போவதும் தெரியும்.

முரகாமி நவோஜிரோ என்ற ஜப்பானிய அறிஞர் 1933இல் இப்படி 101 ஆவணங்களை வெளியிட்டார். பிறகு இன்னும் பல கிடைத்திருக்கின்றன. எழுத்து வாசிக்க முடியும், ஆனால் எழுதியவர்கள் மனம்போன போக்கில் எழுத்துக்கூட்டியதால் சில இடங்களில் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

மொழி எப்போது, ஏன் வழக்கொழிந்தது?

கடைசியாகப் பேசியவர் இன்னார், இறந்தது இன்ன நாள் என்று சொல்லும் வகை இல்லை இது. 1683இல் தீவு சீனாவின் சிங் பேரரசின் கைக்குப் போனது, ஃபூஜியன் பக்கமிருந்து குடியேறிகள் வந்துகொண்டே இருந்தார்கள். வரி கட்ட, வழக்காட, சந்தையில் விற்க எல்லாவற்றுக்கும் அவர்களுடைய ஹொக்கியன் மொழி வேண்டியிருந்தது. (பினாங்கில் கேட்கும் அதே ஹொக்கியன்தான், சொல்வழக்கு கொஞ்சம் மாறும்.) மான் காடுகள் வயலாயின. கலப்பு மணங்கள் நடந்தன, சீனக் குடும்பப் பெயர்கள் வந்தன. நிலம் போனவர்கள் கிழக்கே மலையடிவாரத்துக்கு நகர்ந்தார்கள், 19ஆம் நூற்றாண்டில் ஒரு பகுதியினர் மலையைத் தாண்டிக் கிழக்குக் கரைக்கே போய்விட்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசிக்குள் வீட்டுப் பேச்சாக அது நின்றுவிட்டது. 1895க்குப் பின் ஜப்பானியர் ஆட்சியில் ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போனபோது முதியவர்கள் ஞாபகத்திலிருந்து சொற்பட்டியல்தான் சேகரிக்க முடிந்தது.

சிங் அதிகாரிகள் பழங்குடியினரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: அடங்கி வரி கட்டுபவர்கள் 'வெந்தவர்கள்', மலையில் அடங்காமல் இருந்தவர்கள் 'வேகாதவர்கள்'. சோற்றைச் சொல்வது மாதிரி. ஜப்பானியர் ஆட்சியில் குடும்பப் பதிவேட்டில் பெயருக்கு நேரே 'வெந்த' என்பதற்கான சீன எழுத்தைக் குறித்து வைத்தார்கள். அவமானமாக இருந்த அந்த ஒரு எழுத்துத்தான் இன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாங்கள் சிராயா என்று காட்ட ஆதாரமாகப் பயன்படுகிறது.

ஃபார்மோசா மொழி என்று லண்டனில் யாரோ ஏமாற்றினாராமே?

அது ஜார்ஜ் சால்மனாசார். (ஃபார்மோசா என்பது ஐரோப்பியர்கள் தைவானுக்கு வைத்திருந்த பெயர்.) தான் ஃபார்மோசாக்காரன் என்று சொல்லிக்கொண்டு லண்டனில் திரிந்த ஒரு ஐரோப்பியர். 1704இல் தீவைப் பற்றி ஒரு புத்தகம் போட்டு, தானே கற்பனை செய்த எழுத்து, மொழி, கர்த்தர் ஜெபம் எல்லாம் அதில் சேர்த்தார், படித்த மனிதர்கள் பலர் நம்பினார்கள். உண்மையான சிராயா அச்சாகி அப்போது நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போல.

செத்த மொழி என்று சொல்லலாமா? மீட்க முடியுமா?

அலெக்சாண்டர் அடெலார் என்ற மொழியியலாளர் 2011இல் சிராயாவின் ஒலியமைப்பு, இலக்கணம், சொற்கள் பற்றி விரிவான நூல் எழுதியபோது 'உறங்கும் மொழி' என்ற சொல்லைத்தான் வைத்தார். அந்த மக்களும் அதையே விரும்புகிறார்கள். எனக்கும் அது மரியாதையாகப் படுகிறது, ஆனால் தாய்ப்பால் மாதிரி வந்த பேச்சு நின்றுவிட்டது என்பதை மறைக்கவும் வேண்டாம்.

மீட்பு வேலையின் மையத்தில் இருப்பவர்கள் ஒரு தம்பதி. உமா தலவான் (உமா என்பது சிராயாப் பெயர், பார்வதியோடு தொடர்பில்லை) தைனானில் சிராயா பண்பாட்டுச் சங்கத்தை நடத்துபவர். அவருடைய கணவர் எட்கர் மகாபிலி பிலிப்பைன்ஸ்காரர், பிசாயா மொழி பேசுபவர், இசைக் கலைஞர். மனைவியின் முன்னோர் மொழியில் அச்சான மத்தேயுவைப் புரட்டியபோது அவருக்குத் தன் தாய்மொழியின் சாயல் ஆங்காங்கே தட்டுப்பட்டிருக்கிறது. உட்கார்ந்து சொல் சொல்லாகப் பிரித்து, 2008இல் ஒரு சொற்களஞ்சியமே கொண்டுவந்துவிட்டார். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த புத்தகத்தை ஒரு மருமகன் படித்துக் காட்டினார் என்று சொன்னால் நம் ஊரில் சினிமா என்பார்கள்.

இன்று தைனானில் சில பள்ளிகளில் சிராயா சொல்லித் தருகிறார்கள். வணக்கத்துக்கு 'தபே'. நல்ல நாள் என்று வாழ்த்த 'மரியாங் வாகி', வாகி என்றால் சூரியன், நாள். குழந்தைகள் பாட்டுப் பாடியும் நாடகம் போட்டும் கற்கிறார்கள். சுவிசேஷத்தில் ஆடு, மாடு, பாவம், மன்னிப்பு எல்லாம் உண்டு, பேருந்தும் குளிர்சாதனப் பெட்டியும் இல்லை, எனவே புதுச் சொற்களை உருவாக்கத்தான் வேண்டும். இது 17ஆம் நூற்றாண்டுச் சிராயாதானா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. இல்லைதான். சங்கத் தமிழையா நாம் கடையில் பேசுகிறோம்?

அரசு அங்கீகாரம் உண்டா?

அன்றைய தைனான் மாவட்ட நிர்வாகம் 2005இல் சிராயா மக்களைப் பழங்குடியாக அங்கீகரித்தது, மத்திய அரசு அங்கீகரிக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். 2022 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம், இவர்களைப் போன்ற மக்களைப் பழங்குடிச் சட்டத்துக்கு வெளியே வைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகச் சமவெளிப் பழங்குடிகளுக்கான தனிச் சட்டம் 2025இல் நிறைவேறியது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற பழங்குடிகளுக்கு உள்ள எல்லா உரிமையும் அப்படியே கிடைக்குமா என்ற இழுபறி தனிக் கதை.

நேரில் போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

தைனானின் டோங்ஷான் பகுதியில் ஜிபெய்ஷுவா என்று ஒரு ஊர். பழைய பெயர் கபுவாசுவா, இலவ மரத்திலிருந்து வந்த பெயர். அங்கே 'குவா' எனப்படும் வழிபாட்டுக் கூடம் இருக்கிறது. உள்ளே சிலை தேடாதீர்கள். தண்ணீர் நிறைத்த குடுவைகள், அவற்றில் செருகிய தழை, அதுதான் அலிட் என்ற முன்னோர் தெய்வம். முன்னால் பாக்கும் அரிசி மதுவும் வைத்திருப்பார்கள். பாக்கைப் பார்த்ததும் நமக்குக் கொஞ்சம் வீட்டு ஞாபகம் வரும்.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஐந்தாம் நாள், கடலைப் பார்த்து முன்னோரை நினைத்து அழும் சடங்கு நடக்கும். வெள்ளை உடுத்தி, தலையில் பூவளையம் வைத்த பெண்கள் கைகோத்து வட்டமாக நின்று மெதுவாக நகர்ந்தபடி பாடுவார்கள். பாடலின் மொழி சிராயா. பல தலைமுறைகளாக, பாடியவர்களுக்கு அதில் பல வரிகளுக்குப் பொருள் தெரியாது. அம்மா பாடியதை மகள் பாடினாள், ஒலி மாறாமல், அவ்வளவுதான். இப்போது அந்தச் சொற்களைத்தான் மத்தேயுவோடும் சின்கான் பத்திரங்களோடும் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார்கள்.